மூவாயிரம் ஆண்டுகள் நடந்து ஓய்ந்த பூசை

தெய்வத்தைத் துயிலெழுப்பி, நீராட்டி, ஆடை சாத்தி, அமுது படைத்து, மீண்டும் கதவடைக்கும் வழிபாட்டு முறை எம்மவரிடம் மட்டுமே உண்டு என்று எண்ணுவோர் பலர். நைல் நதி பாயும் எகிப்து தேசத்திலும் தெய்வங்களை இவ்வாறு பேணினார்கள். அத்தேசத்தின் தெய்வ வழிபாடு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. ஆலயக் கட்டிடங்கள் இன்றும் நிற்கின்றன. தெய்வங்களின் பெயர்கள் தெரிகின்றன. பூசை விதிகள்கூடச் சுவர்களிலும் ஏடுகளிலும் எஞ்சியிருக்கின்றன. பூசை மட்டும் இல்லை. எகிப்தியரின் தெய்வங்கள் என்றதும் வல்லூற்றுத் தலை, நரித் தலை, பசுவின் கொம்பு என்று வேடிக்கையாகக் கூறிவிட்டு நகர்ந்துவிடுகின்றோம். அத்தெய்வங்களை அம்மக்கள் எவ்வாறு பேணினார்கள், அப்பேணல் எவ்வாறு நின்றுபோயிற்று என்பதையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

எகிப்தில் இன்று அதிகம் சிதைவுறாமல் நிற்கும் ஆலயங்களுள் முதன்மையானது எட்பு என்னும் ஊரிலுள்ள ஹோரஸ் ஆலயமாகும். ஹோரஸ் என்பவர் வல்லூற்று வடிவினர். கி.மு. 237ஆம் ஆண்டு தொடங்கிய திருப்பணி, இடையில் ஏற்பட்ட கிளர்ச்சிகளால் தடைப்பட்டுத் தடைப்பட்டு, கி.மு. 57ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. நூற்று எண்பது வருடங்கள்! இராசகோபுர வேலை பத்து வருடம் இழுபட்டாலே பரிபாலன சபையைக் குறைகூறும் எமது ஊரவர்கள் இதனைச் சற்று மனங்கொள்ள வேண்டும்.

வாயிலில் இரட்டைக் கோபுரம்போல் 36 மீற்றர் உயரமான மதில்முகப்பு. அதனைக் கடந்தால் தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றம். அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண் மண்டபங்கள். உள்ளே செல்லச் செல்ல நிலம் சிறிது சிறிதாக உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். முடிவில் இருள் சூழ்ந்த மூலஸ்தானம். அதனுள் ஒரே கருங்கல்லில் குடைந்த பேழை போன்ற சிறு கோயில் இருக்கின்றது. பழைய ஆலயத்தில் இருந்த அந்தக் கற்பேழையைப் புதிய ஆலயத்திலும் வைத்துக்கொண்டார்கள். பொதுமக்கள் முற்றத்துடன் நின்றுவிட வேண்டும். உள்ளே செல்லும் உரிமை பூசகர்களுக்கு மட்டுமே இருந்தது.

நித்திய பூசை எவ்வாறு நடந்ததென்பதை இரண்டு இடங்களிலிருந்து அறிகின்றோம். அபிடொஸ் என்னும் தலத்தில் முதலாம் சேத்தி மன்னன் கட்டிய ஆலயச் சுவர்களில் கிரியைகள் படங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. பேர்ளின் நகர அருங்காட்சியகத்தில் உள்ள பபிரசு ஏடொன்றில் ஆமுன் தெய்வத்தின் பூசைக்குரிய 66 ஓதல்கள் எழுதப்பட்டுள்ளன. பபிரசு என்பது ஆற்றங்கரைக் கோரைத் தண்டிலிருந்து செய்யப்படும் தாள்.

விடியுமுன்னரே ஆலயத்தின் மடைப்பள்ளியில் வேலை தொடங்கிவிடும். ரொட்டி, இறைச்சி, காய்கறி, பழம், தேன், பால், பார்லியில் காய்ச்சிய மது என்பன படையலுக்கு ஆயத்தமாகும். பூசகர் திருக்குளத்தில் நீராடி, நேட்ரன் என்னும் உவர்மண் உப்பால் வாயைச் சுத்திசெய்து, வெள்ளை நாரிழை ஆடை தரித்து உள்ளே செல்வார். கம்பளி ஆடைக்கு இடமில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பார்வையிட்ட கிரேக்கரான ஹெரோடோட்டஸ், அப்பூசகர்கள் பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் குளிர்ந்த நீரில் குளித்தார்கள் என்றும், உடல் முழுவதையும் மழித்துக்கொண்டார்கள் என்றும், மீன் உண்ணவில்லை என்றும் எழுதியிருக்கின்றார்.

சூரியன் எழும் வேளையில் துயிலெழுப்பும் பாடல் பாடப்படும். முந்திய நாள் மூலஸ்தானக் கதவிற்குக் கயிறு கட்டிக் களிமண் முத்திரை வைத்திருப்பார்கள். அதனை உடைத்துத் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறப்பார் பூசகர். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் ஓதல் உண்டு. முத்திரை உடைக்க ஒன்று, தாழ் நீக்க ஒன்று, திருமுகம் காண ஒன்று, நிலத்தில் வீழ்ந்து வணங்க ஒன்று. பின்னர் சாம்பிராணிப் புகை காட்டி, திருவுருவத்தை வெளியே எடுத்து, பழைய ஆடையையும் பழைய தைலத்தையும் நீக்கி, நீராட்டி, வெள்ளை, பச்சை, நீலம், சிவப்பு ஆகிய நான்கு நிறத் துணிகளைச் சாத்துவார். வாசனைத் தைலத்தைச் சுண்டுவிரலால் தொட்டு அணிவிப்பார். கண்ணுக்கு மை தீட்டுவதும் உண்டு. எல்லாம் முடிந்து கதவடைத்துத் திரும்பும்போது தமது காலடிச் சுவடுகளை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே பின்னோக்கி வருவார். மனிதன் வந்துபோன அடையாளம் அந்தச் சந்நிதியில் இருக்கலாகாது என்பது கருத்து. கிரியைகள் எல்லாவற்றிலும் என் மனதை மிகவும் தொட்டது இதுவே.

தெய்வத்தின் முன் வைத்த உணவு வீணாகவில்லை. முதலில் பிரதான தெய்வத்துக்கும், பின்னர் சுற்றியுள்ள தெய்வங்களுக்கும் படைத்து, இறுதியில் பூசகர்களுக்கும் பணியாளர்களுக்கும் அவரவர் தரத்திற்கேற்பப் பங்கிடப்பட்டது. பிரசாதம் என்று நாம் சொல்வதற்கு நெருங்கிய வழக்கம் இது. புதிய திருவுருவம் செய்தால் வாய் திறத்தல் என்னும் கிரியை நடைபெறும். சிற்பியின் வாய்ச்சி போன்ற கருவியால் உருவத்தின் வாயைத் தொட்ட பின்னரே அது தெய்வம் உறையும் உருவாகும். எமது பிரதிஷ்டைக் கிரியைகளில் வரும் கண் திறத்தல் உடனே நினைவுக்கு வருகின்றதல்லவா?

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. இவ்வொற்றுமைகளைக் கண்டவுடன் அவர்கள் எம்மிடம் கற்றார்கள், அல்லது நாம் அவர்களிடம் கற்றோம் என்று எழுதிவிடும் வழக்கம் எமது மலர்களில் உண்டு. கி.மு. 1213இல் மறைந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் பதப்படுத்திய உடலின் மூக்கினுள் மிளகு காணப்பட்டது உண்மை. தென்னிந்திய மிளகு அக்காலத்திலேயே அங்கு போயிருக்கின்றது. ஆனால் மிளகு போனதற்குச் சான்று உண்டு, கிரியை போனதற்குச் சான்று இல்லை. தெய்வத்தை அரசனாகவும் விருந்தினராகவும் பாவித்த இரண்டு சமூகங்கள், அரசனுக்கும் விருந்தினருக்கும் செய்வதைத் தெய்வத்துக்கும் செய்தன. அவ்வளவே எமக்குப் போதுமானது.

ஆலயச் சுவர்கள் எல்லாவற்றிலும் பூசை செய்பவராக மன்னரே செதுக்கப்பட்டிருக்கின்றார். தெய்வத்தின் முன் நிற்கும் தகுதி மன்னருக்கே உரியது, பூசகர் அவரது பிரதிநிதி மட்டுமே என்பது அவர்களது கொள்கை. பூசகர்களிற் பலர் முழுநேரப் பணியாளர் அல்லர். பல காலம் நான்கு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்து, வருடத்தில் மூன்று மாதமே கோயிற் கடமை செய்தார்கள். மற்ற மாதங்களில் அவர்கள் விவசாயிகள், எழுதுவினைஞர்கள், தொழிலாளர்கள். குழு மாறும்போது ஆலயப் பொருட்களைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும்.

இந்த ஒப்படைப்பு விடயத்தில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. கச்சேரியில் கோவைகளோடும் பொருட்பதிவேடுகளோடும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அபுசிர் என்னும் இடத்தில் நெபெரிர்காரே மன்னனின் நினைவாலயத்தில் 1893ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட பபிரசு ஏடுகள் ஏறத்தாழ நாலாயிரத்து நானூறு வருடங்கள் பழமையானவை. அவற்றில் வேதாந்தம் எதுவும் இல்லை. யார் யாருக்கு எந்த நாளில் எந்தக் கடமை என்ற முறைப்பட்டியல், இன்ன இடத்திலிருந்து இன்ன படையல் வந்தது என்ற வரவுக் கணக்கு, பாத்திரங்கள், கத்திகள், பெட்டிகள் பற்றிய பொருட்பதிவேடு என்பனவே உள்ளன. கறுப்பு மையாலும் சிவப்பு மையாலும் கோடிட்டு நிரல்கள் பிரித்திருக்கின்றார்கள். ஒரு பாத்திரம் வெடித்திருந்தால், விளிம்பு உடைந்திருந்தால், ஒட்டுப்போட்டிருந்தால் அதையும் அந்தந்த நிரலில் குறித்திருக்கின்றார்கள். எமது வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒரு கோயிலை நாள்தோறும் நிலைநிறுத்துவதற்கு மந்திரம் ஓதுபவரோடு வெடித்த சட்டியை எழுதிவைக்கும் ஒருவரும் தேவைப்படுகின்றார்.

உள்ளே செல்ல முடியாத பொதுமக்களுக்குத் திருவிழாக்களே தரிசன காலம். கார்ணாக்கிலுள்ள ஆமுன், அவரது தேவி மூத், மகன் கொன்சு ஆகிய மூவரும் ஆண்டுதோறும் மூன்று கிலோமீற்றர் தூரத்திலுள்ள லக்சோர் ஆலயத்திற்கு எழுந்தருளுவது ஓப்பெற் திருவிழா. மூன்றாம் துத்மோஸ் மன்னன் காலத்தில் இத்திருவிழா 11 நாள். மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் 27 நாளாக வளர்ந்துவிட்டது. உபயம் கேட்போர் தொகை கூடினால் திருவிழா நீளும் என்பதை நாம் அறிவோம். அங்கு என்ன காரணமோ! தெய்வத்துக்கு அங்கு வாகனம் தேரல்ல, படகு. ஆறே உயிர்நாடியான தேசத்தில் அது இயல்பு. ஆமுனின் படகின் முனையில் ஆட்டுக்கடாத் தலை இருக்கும். படகைத் தண்டுகளில் ஏற்றிப் பூசகர்கள் தோளிற் சுமப்பர். படகின் நடுவிலுள்ள சிறு மண்டபம் திரையிடப்பட்டிருக்கும். மக்கள் கண்டது திரையைத்தான். அதற்கே பறை முழங்கியது, மகளிர் ஆடினர், வீரர்கள் அணிவகுத்தனர். லக்சோர் தூண் மண்டபச் சுவர்களில் துட்டன்காமுன் மன்னன் காலத்தில் செதுக்கிய இக்காட்சிகளை இன்றும் காணலாம்.

சுமந்து வரும் தெய்வத்திடம் மக்கள் நீதி கேட்டார்கள். கேள்வி கேட்டால் படகு முன்னோக்கி அசைந்தால் ஆம், பின்னோக்கி நகர்ந்தால் இல்லை. அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளர்கள் வாழ்ந்த டெயிர் எல்மெடினா கிராமத்தில், தெய்வமாக்கப்பட்ட முதலாம் அமென்கோத்தெப் மன்னனின் உருவத்தை இவ்வாறு எடுத்துச்செல்வர். உடுப்புக் களவுபோனால் வீட்டுக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். எந்தப் பெயரில் தெய்வம் அசைகின்றதோ அந்த வீட்டில் களவு இருக்கின்றது என்று கொள்வர். சுமப்பவர்கள் எல்லோரும் ஊரவர்கள் என்பதால் கள்ளன் யாரென்று அவர்களுக்கு முன்னரே தெரிந்திருக்கும் என்று நினைக்கின்றேன். அதனால் தீர்ப்பு பிழைத்திருக்கும் என்பதற்கில்லை.

எட்பு ஹோரஸ் ஆலயத்திற்கு வருடத்தில் ஒரு மங்கல விழா. டென்டரா என்னும் தலத்திலுள்ள ஹத்தோர் தேவி 160 கிலோமீற்றருக்கு மேல் நைல் நதியில் படகேறிக் கணவரைக் காண வருவார். வழியெங்கும் ஊர்கள் கூடி வரவேற்கும். அமாவாசை தொடங்கிப் பௌர்ணமி வரை தேவி அங்கு தங்கி, பின்னர் தமது தலத்திற்குத் திரும்புவார்.

ஹோரஸின் வரலாறும் கூறத்தக்கது. ஒசிரிஸ் என்னும் நல்லரசனை அவரது தம்பி சேத் கொன்று உடலைக் கூறுகூறாக்கி எறிந்துவிட்டான். தேவி ஐசிஸ் தேடி அலைந்து அவற்றைச் சேர்த்து, ஒசிரிஸை மீட்டு, ஹோரஸைப் பெற்றெடுத்தாள். ஹோரஸ் வளர்ந்து சேத்துடன் போரிட்டுத் தந்தையின் அரசை மீட்டான். எட்பு மதிற்சுவரில் சேத் நீர்யானையாக வடிக்கப்பட்டிருக்க, ஹோரஸ் ஈட்டியால் குத்துகின்றான். ஆண்டுதோறும் இதை நடித்துக் காட்டினார்கள். இறுதியில் மாவினால் செய்த நீர்யானையை வெட்டுவார்கள். சூரன்போரில் தலை விழும்போது ஆர்ப்பரிக்கும் எமது பிள்ளைகளுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

திருவிழா இல்லாத நாட்களிலும் ஏழைகளுக்கு ஒரு வழி இருந்தது. கார்ணாக் ஆலயத்தின் பின்புறத்தில், மூலஸ்தானத்திற்குப் பின்னால், மன்றாட்டைக் கேட்கும் ஆமுனுக்கு ஒரு சந்நிதி அமைத்திருந்தார்கள். உள்ளே போக முடியாதவர்கள் அங்கு வந்து முறையிடலாம். காதுகளை மட்டும் செதுக்கிய சிறு கற்பலகைகளைத் தெய்வங்களுக்குக் காணிக்கையாக வைத்தனர். சிலவற்றில் இரண்டு காது, சிலவற்றில் வரிசை வரிசையாகக் காதுகள். எங்கள் குறையைக் கேள் என்பதை இதைவிட எளிமையாக எப்படிச் சொல்வது!

இவ்வளவு வேரூன்றிய வழிபாடு எப்படி ஓய்ந்தது? ஒருநாளில் ஒரு படை வந்து அழித்தது என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. கி.மு. 30இல் எகிப்து ரோமருக்குக் கீழ்ப்பட்டது. ஆலயக் காணிகளின் நிர்வாகம் அரசின் கைக்குப் போனது. ரோமப் பேரரசர்களும் சுவர்களில் எகிப்திய மன்னர் கோலத்தில் பூசை செய்பவர்களாகச் செதுக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் ரோமாபுரியில் இருந்தார்கள். மூன்றாம் நூற்றாண்டில் பேரரசு தளர்ந்தபோது ஆலயங்களுக்கு வந்த கொடுப்பனவும் தளர்ந்தது. எஸ்னா ஆலயத்தில் கி.பி. 249 முதல் 251 வரை ஆண்ட டேசியஸின் பெயர் காணப்படுகின்றது. அவ்வாறு பெயர் பொறிக்கப்பட்ட கடைசிப் பேரரசர்களுள் அவர் ஒருவர். கி.பி. 300 அளவில் லக்சோர் ஆலயம் ரோமப் படைமுகாமாக மாறியது. மக்களும் கிறிஸ்தவர்களாக மாறிக்கொண்டிருந்தனர். 391இல் பேரரசர் தியோடோசியஸ் ஆலயங்களுக்குச் செல்வதைத் தடைசெய்தார். அப்போது பல ஆலயங்களில் தடைசெய்வதற்குப் பூசை மிஞ்சியிருக்கவில்லை.

இதனோடு இன்னொன்றும் நடந்தது. சித்திர வடிவமான அவர்களது புனித எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பூசகர் குலத்தார் மட்டுமே. முற்காலத்தில் சில நூறு குறிகளாக இருந்த எழுத்தை, பிற்காலப் பூசகர்கள் தமது புலமையைக் காட்டிப் பல ஆயிரங்களாகப் பெருக்கினர். ஊரவர்கள் தமது பேச்சு மொழியைக் கிரேக்க எழுத்தைத் தழுவி எழுதப் பழகிவிட்டனர். கோயிற் சுவர் அவர்களுக்குப் படமாயிற்று. இன்று எமது பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓத முன்வரும் பிள்ளைகள் எத்தனைபேர் என்று எண்ணிப் பார்க்கும் வேளைகளில் இந்தச் சுவர்கள் எனது நினைவுக்கு வருவதுண்டு.

தெற்கு எல்லையில் பிலே என்னும் தீவிலிருந்த ஐசிஸ் ஆலயம் மட்டும் தொடர்ந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த பிளெம்மியர், நொபாடியர் ஆகிய இனத்தவர் ஐசிஸின் தீவிர அடியார்கள். 453 அளவில் ரோமர் அவர்களுடன் செய்த உடன்படிக்கையில், அவர்கள் பிலேக்கு வந்து வழிபடலாம், ஐசிஸின் திருவுருவத்தைத் தமது நாட்டிற்கு எடுத்துச்சென்று பின்னர் திருப்பிக் கொண்டுவரலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பேரரசு முழுவதும் தடைசெய்யப்பட்ட வழிபாடு, ஓர் எல்லைப்புற உடன்படிக்கையின் பலத்தில் அங்கு நீடித்தது.

அத்தீவில் ஒரே பூசகர் குடும்பம் தலைமுறைகளாகக் கடமை செய்திருக்கின்றது. அக்குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்மெத்தெர்அகெம் என்பவர் 394ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி ஆலய வாயிலொன்றில் மந்துலிஸ் தெய்வத்தின் உருவத்தின் அருகே சில வரிகளைப் பொறித்தார். தமது பெயரையும் தந்தையின் பெயரையும் எழுதி, இது என்றென்றும் நிலைக்கும் என்ற பொருள்படக் குறித்திருக்கின்றார். புனித எழுத்தில் காலம் தெரிந்த கடைசிப் பொறிப்பு அதுவே. சாதாரண எழுத்து வடிவில் எழுதிய கடைசி வரிகளும் பிலேயிலேயே, 452ஆம் ஆண்டில். 535க்கும் 537க்கும் இடையில் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணைப்படி நார்செஸ் என்னும் தளபதி ஆலயத்தை மூடினார். பூசகர்கள் காவலில் வைக்கப்பட்டனர். திருவுருவங்கள் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அனுப்பப்பட்டன. மண்டபம் புனித ஸ்தேவான் தேவாலயமாயிற்று.

நெஸ்மெத்தெர்அகெம் எழுதியதைப் படிக்க ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் உலகில் எவரும் இருக்கவில்லை. 1799இல் ரொசெற்றா என்ற இடத்தில் கிடைத்த கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் இருந்தது. அதன் துணைகொண்டு 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் புதிரை அவிழ்த்தார். பிலேயிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கற்றூண் ஒன்றிலிருந்த கிளியோபாத்ராவின் பெயரும் அவருக்கு உதவியது. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் தேவாலய மொழியான கொப்டிக் அவருக்கு நன்கு தெரிந்திருந்தது. அது பழைய எகிப்திய மொழியின் கடைசிக் கொழுந்து. பழைய தெய்வங்களைக் கைவிட்டவர்களே அத்தெய்வங்களின் மொழியைச் செபத்தில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ரொசெற்றாக் கல்லில் அப்படி என்னதான் எழுதியிருக்கின்றது என்று ஆவலோடு படித்துப் பார்த்தேன். கி.மு. 196இல் ஆலயங்களுக்கு மன்னர் வழங்கிய வரிச்சலுகைகளையும் கொடைகளையும் பட்டியலிட்டு, அதனை மூன்று எழுத்துகளிலும் பொறித்து ஆலயங்களில் வைக்கவேண்டும் என்று பூசகர் சபை எடுத்த தீர்மானம் அது. கிட்டத்தட்ட ஒரு சுற்றறிக்கை!

பிலே ஆலயம் 1902இல் அஸ்வானில் அணை கட்டப்பட்டதன் பின் வருடத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. 1972 முதல் 1980 வரை ஏறத்தாழ 40,000 கற்துண்டுகளாகக் கழற்றி அருகிலுள்ள அகில்கியா தீவில் மீண்டும் பொருத்தினார்கள். அந்தக் கடைசிப் பொறிப்பையும் அங்கு காணலாம்.

மக்களிடம் எஞ்சியது மிகச் சிறிது. கொப்டிக் நாட்காட்டியின் முதல் மாதம் தொத் தெய்வத்தின் பெயரையும், இரண்டாம் மாதம் ஓப்பெற் விழாவின் பெயரையும், மூன்றாம் மாதம் ஹத்தோரின் பெயரையும் கொண்டவை. எகிப்திய விவசாயிகள் விதைப்பிற்கும் அறுவடைக்கும் இம்மாதங்களைக் கணக்கெடுத்து வந்திருக்கின்றனர். லக்சோர் ஆலயத்தின் முற்றத்திலேயே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அபூ அல்ஹஜ்ஜாஜ் என்னும் இஸ்லாமியப் பெரியாரின் பள்ளிவாசல் உயரத்தில் நிற்கின்றது. மணல் மூடிய காலத்தில் கட்டியதால் அதன் பழைய வாசல் இன்று அந்தரத்தில் தெரிகின்றது. ரமழானுக்கு முன் அப்பெரியாரின் நினைவு விழா வரும்போது ஊரவர்கள் படகுகளை வண்டிகளில் ஏற்றி, பறை முழக்கத்துடன் லக்சோர் வீதிகளில் இழுத்துச் செல்கின்றார்கள். ஏன் படகு என்று கேட்டால், அப்பெரியார் படகில் வந்தவர் என்று சொல்கின்றார்கள்.